மஞ்சப்பையில் கொண்டுபோன மாத்திரைகள்

44 வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்டவள் நான். என் மகளுக்கு அப்போது 13. 2023 ஜூனில், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், இரண்டு பேரும் ஒரே டாக்டரிடம் போட்டுக்கொண்டோம். அவளுக்கு மட்டும் என்றுதான் போனது. அங்கே டாக்டரம்மா என் வாயையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்களும் போட்டுக்கலாம்மா, வயசெல்லாம் ஒரு தடையில்ல" என்றார். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட வாய் திறந்து சிரிக்காதவளிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? விழுந்துவிட்டேன்.

வீடு நங்கநல்லூர். வேலை கிண்டி தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். காலையில் பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் பரங்கிமலைக்கு அடுத்து கிண்டி. எட்டரைக்கு உள்ளே நுழைந்தால் ஆறு மணிக்குத்தான் வெளியே வானம் தெரியும். இந்த விவரத்துக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார்கள். சுகர், பிரஷர், ஆஸ்துமா, அலர்ஜி என்று வரிசையாக வந்து, கடைசியில் "தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள்" என்று ஒரு கட்டம். "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. ஃபிரிட்ஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கால்சியம் இருந்தது, மீன் எண்ணெய் மாத்திரை இருந்தது. அவை எனக்கு மருந்தாகத் தோன்றவில்லை. உப்பு, புளி மாதிரி மாதச் சாமானோடு வாங்கி வைப்பவை.

இத்தனைக்கும் நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். அந்த மீன் எண்ணெய் மாத்திரையை முதன்முதலில் வாங்கி வந்த அன்று அம்மா முகத்தைச் சுளித்தபோது, "மருந்துதானேம்மா, மருந்துக்கு ஏது சைவம் அசைவம்?" என்று வாதாடியவள் நான்தான். அம்மாவிடம் பேசும்போது அது மருந்து. டாக்டர் கேட்டால் அது மருந்தில்லை, வெறும் சத்து! இந்தக் குளறுபடி எனக்குப் புரிய பத்து மாதம் ஆனது.

எங்கள் இருவருக்கும் மேல்வரிசையில் இரண்டிரண்டு முன்கடைவாய்ப்பற்களை எடுத்தார்கள். எடுப்பான முன்பற்கள் பின்னால் போக இடம் வேண்டுமே. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் இடைவெளி. முதல் ஐந்தாறு மாதம் மெல்லிய கம்பியால் கோணலை நிமிர்த்தும் வேலை. டிசம்பரில் தடித்த கம்பிக்கு மாறி, பவர் செயின் என்கிற சங்கிலி ரப்பரைப் போட்டு இடைவெளியை மூட ஆரம்பித்தார். என் மகள் அடுக்களையிலேயே அளவுகோல் வைத்திருந்தாள். தொடக்கத்தில் இடைவெளி கறுப்புக் கொண்டைக்கடலை. அது பட்டாணியாகி, உளுந்தாகி, கடுகாகி மறைந்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை இருவரும் கண்ணாடி முன்னால் நின்று ஒப்பிட்டுக்கொள்வோம்.

2024 மார்ச்சில் அவள் உளுந்துக்கு வந்துவிட்டாள். நான் கொண்டைக்கடலையை விட்டு நகரவில்லை. டாக்டரின் கணக்குப்படி நான்கு மாதத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை. நன்றாக நகரும் பல்லே மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் நகரும், பெரியவர்களுக்கு அதைவிட மெதுவாக நகர்வது சகஜம் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் இது ரொம்பவே கம்மி. பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் எதுவும் கழன்றிருக்கிறதா என்று பார்த்தார். ஈறைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லையே டாக்டர்."

"சத்து மாத்திரை? பவுடர்? நாட்டு மருந்து? வாட்ஸ்அப்ல பார்த்து வாங்குனது?"

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மகள் சிரித்துவிட்டாள். "டாக்டர், ஃபிரிட்ஜ் மேல ஒரு மெடிக்கல் ஷாப்பே இருக்கு."

அடுத்த முறை வரும்போது வீட்டில் இருப்பதை எல்லாம் அப்படியே கொண்டு வரச் சொன்னார். "பேர் எழுதிட்டு வராதீங்க, டப்பாவையே கொண்டு வாங்க" என்று அழுத்திச் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. பெயரை மட்டும் எழுதினால் அளவு விட்டுப்போகும், முன்பக்கப் பெயருக்கும் பின்பக்கப் பொடி எழுத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

ஏப்ரல் வெயிலில், ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். மேஜையில் பரப்பியதும் எனக்கே கூச்சமாகிவிட்டது. கால்சியம், வைட்டமின் டி3 பொடிப் பாக்கெட், மீன் எண்ணெய், மென்று சாப்பிடும் வைட்டமின் சி, மஞ்சள் கேப்ஸ்யூல், சிங்கப்பூரிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த கொலாஜன் பவுடர். எதற்கும் இருக்கட்டும் என்று, பல் வலிக்குப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அட்டை ஒன்றையும் போட்டிருந்தேன். மகளுடைய பங்குக்கு ஒரு டப்பா 'கம்மி' (gummy) வைட்டமின், ஜெல்லி மிட்டாய் மாதிரி, கரடி வடிவத்தில்.

அவர் முதலில் கையில் எடுத்தது நான் கடைசியாகப் போட்ட அந்த வலி மாத்திரை அட்டையை.

"இதை எப்படிப் போடுறீங்க?"

ஒவ்வொரு முறை டைட் பண்ணிவிட்டு வந்ததும் மூன்று நாள், சில மாதம் ஐந்து நாள், காலை மாலை. அது போக, கணக்கு முடிக்கிற மாதக் கடைசியில் தோள்வலிக்கும் அதேதான். ஐபுப்ரோஃபன் கலந்த மாத்திரை. யோசித்துப் பார்த்தால், மாதத்தில் பாதி நாள் அது என் உடம்பில் இருந்திருக்கிறது.

அங்கேதான் எனக்குப் பாடம் ஆரம்பித்தது. பல் எலும்பைக் கிழித்துக்கொண்டு நகர்வதாகவே நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப் படலம் இருக்கிறது. கம்பி அழுத்தும் பக்கம் அந்தப் படலம் நசுங்குகிறது. அங்கே உள்ள செல்கள் ஆள் அனுப்பச் சொல்லி ஒரு ரசாயனச் சேதி விடுகின்றன. சேதி கிடைத்ததும் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து பாதை திறக்கின்றன. எதிர்ப்பக்கம் நார் இழுபடும் இடத்தில் வேறு கோஷ்டி வந்து புது எலும்பு கட்டுகிறது. "மெட்ரோக்காரங்க ஒரு பக்கம் தோண்டி இன்னொரு பக்கம் மூடிக்கிட்டே போறாங்கல்ல, அந்த மாதிரி" என்றார். கம்பி இழுப்பது ஒரு பங்குதான். மீதி வேலை எல்லாம் உடம்பினுடையது. அந்தச் சேதிகளில் முக்கியமான ஒன்றுக்குப் பெயர் புரோஸ்டாகிளாண்டின். வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதும் அதுதான். ஐபுப்ரோஃபன் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. வலியோடு சேர்த்துப் பல்லுக்குப் போக வேண்டிய சேதியும் மட்டுப்படலாம்.

ஆஸ்பிரின் வேலை செய்வது இந்த வழியில்தான் என்று ஜான் வேன் கண்டுபிடித்தது 1971-இல், அதற்காக 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதெல்லாம் அன்று இரவு உட்கார்ந்து படித்தபோது தெரிந்துகொண்டேன். நூறு வருஷத்துக்கும் மேலாக உலகமே விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதே அவ்வளவு தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. என்னைப் போன்றவள் படிவத்தில் "இல்லை" என்று எழுதியது அப்படி ஒன்றும் பெரிய குற்றமில்லை என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

டாக்டர் இதைப் பெரிதுபடுத்தவும் இல்லை. "ஒண்ணு ரெண்டு நாள் போட்டா ஒண்ணும் ஆயிடாது. மாசத்துல பாதி நாள்னாதான் யோசிக்கணும்" என்றார். டைட் பண்ணிய மறுநாள்தான் வலி உச்சத்தில் இருக்கும், மூன்றாம் நாள் தானாகத் தணியும். அதுவரை தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போதும். அது பல் இருக்கும் இடத்தில் இந்தச் சேதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. நான் செய்ததில் இன்னொரு தவறும் இருந்தது. வலி வருவதற்கு முன்பே, "எதுக்கு வம்பு" என்று கிளினிக் வாசலிலேயே ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறுவேன். இப்போது அந்த இரண்டு நாளும் குழைந்த சாதம், ரசம், இட்லி, கொஞ்சம் குளிர்ந்த மோர். பெரும்பாலும் மாத்திரை இல்லாமலே தாண்டிவிடுகிறேன்.

அடுத்து மீன் எண்ணெய். மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு கூடுதல் என்று வந்தபோது ஆரம்பித்தது. அதன் பிறகு நான் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யவே இல்லை. மாத்திரை மட்டும் தொடர்ந்தது. ஒமேகா-3 கொழுப்பு உடம்பில் சேரும்போது, புரோஸ்டாகிளாண்டின் செய்யத் தேவையான இன்னொரு கொழுப்பின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. அதனால் சேதியின் வேகம் குறைகிறது. மூட்டுவலிக்காரர்கள் சிலருக்கு இதம் தருவதும் இதனால்தான். மீன் எண்ணெய் கொடுத்த எலிகளுக்குப் பல் மெதுவாக நகர்ந்ததாக ஆராய்ச்சிகள் இருக்கின்றன. "ஆனா அது எலிம்மா" என்று உடனே சேர்த்துக்கொண்டார். "எலியோட எடைக்கு அவங்க குடுக்கிற அளவையும் நீங்க போடுற ஒரு மாத்திரையையும் ஒப்பிட முடியாது. உங்க பல்லு இதனாலதான் நிக்குதுன்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்." நிறுத்துவதா வேண்டாமா என்பதைக்கூட அவர் முடிவு செய்யவில்லை. அதை ஆரம்பித்த காரணம் இருக்கிறதா என்று பொது மருத்துவரிடம் கேட்டு வரச் சொன்னார். பரிசோதித்ததில் டிரைகிளிசரைடு இயல்பாக இருந்தது. பொது மருத்துவர்தான் நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வைட்டமின் டி விஷயத்தில்தான் எனக்கு வேர்த்துவிட்டது. 2023 ஆகஸ்டில் ஓயாத அசதி என்று பரிசோதித்தபோது ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம் என்று வந்தது. 20-க்குக் கீழே இருந்தால் குறைபாடு. சென்னையில், இந்த வெயிலில் குறைபாடா என்று சிரித்தேன். ஆனால் வெயில் ஊருக்குத்தான் அடிக்கிறது, எனக்கு அடிக்கவில்லை. தோலில் வைட்டமின் டி ஊற நல்ல பகல் வெயில் வேண்டும். அந்த நேரம் முழுக்க நான் ஏசிக்குள் வவுச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொது மருத்துவர் 60,000 யூனிட் பாக்கெட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்தார். எட்டு வாரத்தில் உடம்பு தெம்பாகத் தோன்றியது. அப்புறம் எங்கோ, வைட்டமின் டி பல் நகர்வை வேகப்படுத்தும் என்று கண்ணில் பட்டது. மருந்துக்கடைப் பையனுக்கு என் முகம் பழக்கம், சீட்டு கேட்க மாட்டான். எட்டு வாரம் எட்டு மாதமாகிவிட்டது.

டாக்டரம்மா பாக்கெட்டை உதறிப் பார்த்துவிட்டு, "இதை எப்ப நிறுத்தச் சொன்னாங்க?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

நான் படித்தது பொய்யில்லை, அரைகுறை. விலங்குகளில், வைட்டமின் டி-யின் முழுமையடைந்த ஹார்மோன் வடிவத்தைப் பல்லுக்குப் பக்கத்திலேயே ஊசியாகப் போட்டபோது பல் வேகமாக நகர்ந்திருக்கிறது. நான் விழுங்குவது அந்த வடிவம் இல்லை. அது கல்லீரலில் ஒருமுறை மாறி, சிறுநீரகத்தில் இன்னொருமுறை மாறியாக வேண்டும். அந்தக் கடைசி மாற்றத்தை உடம்பு தன் கைப்பிடியில் வைத்திருக்கிறது. அளவுக்கு மேல் கொட்டினால் பல்லுக்குப் போவதில்லை. ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தாகம், சிறுநீரகக் கல் என்று வேறு பக்கம் போகும். அன்று சாயங்காலமே பரிசோதனைக்குக் கொடுத்தேன். 92. நல்ல வேளையாக ரத்த கால்சியம் கூடியிருக்கவில்லை. பொது மருத்துவர் திட்டவில்லை. சீட்டில் "நிறுத்தவும்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். குறைபாடு இருந்தால் சரி செய்யத்தான் வேண்டும். அது எலும்புக்காக. பல் சீக்கிரம் ஓட வேண்டும் என்பதற்காக இல்லை. எந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தாலும் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தேதி வரைக்கும்?"

கால்சியம் பற்றித்தான் எனக்குப் பெரிய பயம் இருந்தது. எலும்பு கெட்டியானால் பல் எப்படி நகரும்? பக்கத்து சீட் அக்காவும் "கால்சியத்தை நிறுத்திப் பாரு, கடகடன்னு போகும்" என்று சொல்லியிருந்தார். இதிலும் அரை உண்மை உண்டு. கால்சியம் குறைந்த தீனி போட்டு வளர்த்த விலங்குகளில் பல் வேகமாக நகர்ந்திருக்கிறது. காரணம், தீனியில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவுகிறது. வீட்டைப் பிரித்து விறகாக்கி உலை வைப்பது மாதிரி. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "பல்லு வேகமா போகணுமா, போன இடத்துல நிக்கணுமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு நாளைக்குத் தேவை 1000 மில்லிகிராம் அளவு. தயிர், மோர், ராகிக் கூழ், முருங்கைக்கீரை என்று சாப்பாட்டைக் கணக்குப் பார்த்தால் (கணக்குப் பிரிவில் இருப்பதால் இதற்கும் ஒரு எக்செல் தாள் போட்டேன்) பெரும்பாலான நாள் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது. மீதிக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, சாப்பாட்டோடு. அது அப்படியே தொடர்கிறது. கால்சியத்தை இரும்புச்சத்து மாத்திரையோடும் தைராய்டு மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக்கூடாது, நடுவில் சில மணி நேரம் இடைவெளி வேண்டும். என் தங்கை இரண்டு வருஷமாகக் காலையில் தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது இதைப் பேசப்போய்த்தான் வெளியே வந்தது.

வைட்டமின் சி-க்கு அவர் சொன்ன ஆட்சேபணை நான் எதிர்பார்க்காதது. சத்து நல்லதுதான். அந்த நார்ப் படலமே கொலாஜனால் ஆனது, கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். பழைய காலக் கப்பல்காரர்களுக்கு ஈறு வீங்கிப் பல் ஆடி விழுந்தது இது கிடைக்காமல்தான். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்துத்தான் அதற்கு வழி கண்டார். ஆனால் நான் வாங்குவது மென்று சாப்பிடும் மாத்திரை. அது அமிலம். ஏற்கனவே பிராக்கெட்டைச் சுற்றி உணவு சேர்ந்து எனாமல் பலவீனமாக இருக்கும் இடத்தில் தினமும் அந்தப் புளிப்பை அரைத்துத் தேய்த்தால், கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் சதுரம் சதுரமாக வெள்ளைத் தழும்பு தெரியும். பதிலாகக் கொய்யா சொன்னார். கடிக்காமல் துண்டாக நறுக்கி. நெல்லிக்காயும் அப்படித்தான், துருவித் தயிர்ப் பச்சடியில். மகளின் கரடி கம்மிகளை எடுத்துப் பார்த்து, "இது மிட்டாய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிராக்கெட்டில் ஒட்டிக்கொள்ளும், சர்க்கரை வேறு. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மஞ்சள் கேப்ஸ்யூலைப் பற்றி அதிகம் பேசவில்லை. குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சாறு சேர்த்து உடம்பு அதிகம் உறிஞ்சும்படி செய்த செறிவான கேப்ஸ்யூல் வேறு, காரணமில்லாமல் போட வேண்டாம் என்றார். கொலாஜன் பவுடர் ஜீரணமானால் மற்ற எந்தப் புரதத்தையும் போல அமினோ அமிலமாகிவிடும், பல்லைத் தேடிப் போகாது என்றார். பிறகு டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைக் காட்டினார். மாட்டுத் தோலிலிருந்து எடுத்ததாம். அம்மாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். அப்போதுதான் நினைவு வந்து பர்ஸிலிருந்து ஒற்றை மாத்திரையை எடுத்துக் காட்டினேன். "இதை வாரம் ஒண்ணு போடலாமான்னு இருக்கேன் டாக்டர், எலும்புக்கு நல்லதாமே."

அது அம்மாவுடையது. எலும்பு தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட், 70 மில்லிகிராம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தே இருக்க வேண்டும், படுக்கக்கூடாது, வேறெதுவும் குடிக்கக்கூடாது. அந்த அரை மணி நேரம் காபி இல்லாமல் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தாம்பரத்தில் இருக்கும் பெரியம்மா மகள் ஒரு விசேஷத்தில் சொன்னாள், "உனக்கும் மாதவிடாய் நிக்கப்போற வயசு. அம்மாவோடதுல ஒண்ணு போட்டுக்கிட்டா என்ன, எலும்பு இரும்பாயிடும்." அட்டையிலிருந்து ஒன்றை வெட்டிப் பர்ஸில் வைத்திருந்தேன். அடுத்த ஞாயிறு ஆரம்பிக்கலாம் என்று.

டாக்டரம்மா எழுந்து நின்றவர் திரும்ப உட்கார்ந்தார். "போட்டுட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றதும்தான் மூச்சு விட்டார்.

மற்ற மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றே சொன்னவர், இதில் மட்டும் அப்படிப் பேசவில்லை. இந்த மருந்தின் வேலையே எலும்பைக் கரைக்கும் செல்களைக் கட்டிப்போடுவது. பாதை திறக்க ஆளில்லாவிட்டால் கம்பி எவ்வளவு இழுத்தாலும் பல் போகாது. அதைவிட, இது மற்ற மாத்திரைகள் மாதிரி இரண்டு நாளில் உடம்பை விட்டு வெளியேறாது. எலும்பில் படிந்து வருஷக்கணக்கில் தங்கிவிடும். ஆகவே "நிறுத்திட்டு கிளிப்பைத் தொடரலாம்" என்பது அவ்வளவு சுலபமில்லை. இந்த மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய புண் ஆறாமல் தாடை எலும்பு செத்து வெளியே தெரியும் நிலையும் வரலாம். வாய்வழி மாத்திரையில் அது அபூர்வம். புற்றுநோய்க்கு ஊசியாக அதிக அளவில் போடுபவர்களுக்கு ஆபத்து கூடுதல். "உங்க அம்மாவுக்கு இது தேவை, இடுப்பெலும்பைக் காப்பாத்துது. நீங்க சொல்லி அவங்க நிறுத்திடக் கூடாது. ஆனா அவங்க பல்லுல யார் கை வெச்சாலும், இதை முதல்ல சொல்லணும்."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், பல் நகர்ந்தது. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் இரண்டரை மில்லிமீட்டர். மகளின் கணக்கில் கொண்டைக்கடலையிலிருந்து ஒரேயடியாக உளுந்து. வலி மாத்திரையை மாற்றியதாலா, மீன் எண்ணெயை விட்டதாலா? எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அதே ஏப்ரலில் டாக்டர் இன்னொன்றும் செய்தார். கடிக்கும்போது என் கீழ்ப்பல் ஒன்று மேல் பிராக்கெட்டில் இடித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, கடைவாய்ப் பல்லில் நீலச் சிமெண்ட் வைத்துக் கடியைத் தூக்கிவிட்டார். கம்பியும் மாறியது. மூன்று நான்கு மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டு எதனால் நடந்தது என்று கேட்டால் தணிக்கையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டாக்டரிடம் கேட்டபோது, அந்த இடிப்புக்குத்தான் பெரிய பங்கு இருக்கும் என்றார். மகள் என்னைவிட வேகமாகப் போனதற்கு அவளுடைய 13 வயதே போதுமான காரணம். அவளும் சும்மா இல்லை, கிளிப்பில் மாட்ட வேண்டிய ரப்பர் பேண்டைப் பள்ளியில் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டு இரண்டு மாதம் வீணடித்தாள்.

கூடை இப்போது ஃபிரிட்ஜ் மேல் இல்லை. வீட்டில் யார் எந்த மாத்திரை எடுத்தாலும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, ஆரம்பித்த தேதியோடு ஒரே ஆல்பத்தில் போட்டுவிடுகிறேன். பொது மருத்துவர், பல் டாக்டர், அம்மாவின் எலும்பு டாக்டர் யாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. சந்தித்துக்கொள்ளும் இடம் என் போன்தான். ஒவ்வொரு முறை போகும்போதும் "போன தடவைக்கப்புறம் புதுசா எதுவும் இல்லை" அல்லது "இதுதான் புதுசு" என்று நானே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் படிவத்தில் எழுதியதோடு முடிவதில்லை. என் கூடையில் பாதிச் சாமான் அதற்கப்புறம் வந்ததுதானே.

2025 மே மாதம் எனக்குக் கிளிப் கழற்றினார்கள். மகளுக்கு அதற்கு நான்கு மாதம் முன்பே. பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை இருவரும் இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறோம்.

போன மாதம் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. தெருமுனை பல் டாக்டர் பார்த்துவிட்டு, நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார். நான் போனை நீட்டினேன். நாலு வருஷமாக ஞாயிறுதோறும் இந்த மாத்திரை என்றதும் கையுறையைக் கழற்றிவிட்டு நிதானமாக உட்கார்ந்தார். எலும்பு டாக்டரிடம் ஒரு கடிதம், பெரிய எக்ஸ்ரே ஒன்று, ஒரு ரத்தப் பரிசோதனை என்று எழுதினார். அதற்குள் ஈறைச் சுத்தம் செய்து, மருந்துத் தண்ணீர் கொப்பளிக்கக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றபோது அம்மா மூன்று சீட்டையும் விசிறியாக மடித்து வீசிக்கொண்டே கேட்டாள், "ஒத்தப் பல்லப் புடுங்க இத்தன சீட்டா ஏட்டி? உங்க தாத்தாவுக்கு நூலக் கட்டில்லா இழுத்தாவ."

வர செவ்வாய்க்கிழமை கடிதம் கிடைக்கும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். முறுக்கை காபியில் முக்கி ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.